கையால் சாப்பிடாத சுகந்தி

இன்று மத்தியானம், ஒஸ்லோவில் எங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டறை.

எங்களோடு வேலை செய்யும் மலாய்ப் பெண் நூருல், நாசி லெமாக் கொண்டுவந்திருந்தாள். தேங்காய்ப்பால் சோறு, பொரித்த நெத்தலி, உறைப்பான சம்பல். எனக்கும் சுகந்திக்கும் பங்கிட்டுத் தந்துவிட்டு, தங்கள் வழக்கப்படி வலக்கையைக் கழுவிக்கொண்டு வந்து, கையால் சாப்பிடத் தொடங்கினாள்.

நோர்வேக்காரப் பொறுப்பாளர் சுகந்தியைக் கேட்டார்: "நீங்களும் இப்பிடித்தான் சாப்பிடுவீங்களோ?"

"சீச்சீ, நாங்கள் எப்பவும் கரண்டியாலதான்."

போன ஞாயிறு என் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் குழைத்து விரல் சூப்பியவள். இருபது வருடச் சிநேகிதி.

நூருலின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நான் கரண்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன்.

பிறகு சுகந்தி என்னிடம், "சும்மா சொன்னனான், இதைப் போய்ப் பெரிசாக்காதை" என்றாள்.

திரும்பும்போது ட்ராமில் நூருல் மெல்லக் கேட்டாள்: "உண்மையாவே உங்கட ஆக்கள் கையால சாப்பிடுறேல்லையோ?"

"நான் சாப்பிடுவன். சுகந்திக்கு இண்டைக்கு மத்தியானம்தான் அந்தப் பழக்கம் விட்டுப்போனது."

நூருல் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படி ஒரு சிநேகிதி உங்களுக்கும் வாய்த்திருக்கிறாளா, இல்லை எனக்கு மட்டும்தானா?