நடுக்கட்டத்துக் கரித்துணி

கரித்துணியை வேகவைத்தால் வருகிற நாற்றத்தை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள். அடுப்புப் புகை, பழைய கஞ்சி, எப்போதோ வழிந்த கறிக்குழம்பின் கொழுப்பு எல்லாம் சேர்ந்து, சவுக்காரத்தையும் மீறி எழுந்து, வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற நாற்றம் அது. வடக்கனந்தலில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், நிறைமாத வயிற்றோடு என் அம்மா குந்தி உட்கார்ந்து, அப்படியொரு துணியைத் தகர டின்னில் போட்டுக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். அது எங்கள் வீட்டுத் துணியல்ல. பிச்சை வாங்கி வந்தது.

எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் தங்கவில்லை. எனக்குப் பின்னால் பிறந்த தம்பியும் தங்கவில்லை. நடுவில் நான் மட்டும், யாரும் வேண்டிக்கொள்ளாமலே தங்கியிருந்தேன். அம்மா மறுபடியும் உண்டானபோது, இந்தமுறையும் பிள்ளை தங்காவிட்டால் அப்பாவுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிடலாம் என்று பெரியப்பா அம்மாவின் காதில் விழும்படியே பேசினார். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாட்டுக்குத் தவிடு கலக்க எழுந்து போய்விட்டார்.

இப்படிப் பிள்ளை தங்காத பெண்களுக்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் நிலைத்த வீடுகளுக்குத் தாயே நடந்துபோய், முந்தானையை விரித்து, "கந்தத் துணி" பிச்சை கேட்க வேண்டும். அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப் போர்வை ஒன்று தைத்து, பிறந்த குழந்தையை அதில்தான் கிடத்த வேண்டும். "பிச்சத் துணில கெடக்கற புள்ளய எமன் சீந்தமாட்டான்" என்பார்கள் பெரியவர்கள். சொந்த வீட்டுத் துணியில் ஓர் இழைகூட அதில் சேரக்கூடாது. நடுக்கட்டத்துக்கு மட்டும், தெருவிலேயே ஆண்பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டுத் துணிதான் வேண்டும். எங்கள் தெருவில் அது பெரியப்பா வீடு. பெரியம்மாவுக்கு நான்கு மகன்கள். அந்த வீட்டோடுதான் எங்களுக்கு வரப்புத் தகராறு. "இனிமே உன் வாசப்படிய மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறந்தவ இல்ல" என்று அம்மா தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்திருந்தாள்.

அந்த வாசற்படிக்கு அம்மா போனாள். என்னையும் கையில் பிடித்துக்கொண்டு போனாள். பெரியம்மா வாசலில் கேழ்வரகு மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். அம்மா முந்தானையை விரித்து, "அக்கா, கொழந்தைக்கு ஒரு கந்தத் துணி போடுங்க" என்றாள்.

"யாருடி அது? வாசப்படிய மிதிக்கமாட்டேன்னு போனவளா?"

பிச்சை கேட்க வந்தவள் பதில் பேசக்கூடாது. பெரியம்மா மாவு முழுவதையும் சலித்து முடித்து, சல்லடையைத் தட்டி, நிதானமாக உள்ளே போய் வந்தாள். அதுவரைக்கும் வெயிலில் அம்மா அப்படியே முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள். வந்தவள் அடுப்பங்கரையில் சட்டி இறக்குகிற கரித்துணியை ஈரத்தோடு அதில் வீசினாள். "இன்னாடி பாக்கற? பிச்சைக்கு வந்தவளுக்குப் பட்டுப் பொடவையா எடுத்துக் குடுப்பாங்க?" கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பதும் வழக்கம். அம்மா அதை நெஞ்சோடு சேர்த்து முடிந்துகொண்டாள். வரும் வழியில் நான்தான் அழுதேன். அதற்கு என் தொடையில் ஒரு கிள்ளு கிடைத்தது.

மற்ற வீடுகளில் யாரும் இவ்வளவு கேவலப்படுத்தவில்லை. டீச்சர் வீட்டு வாயல் புடவை, மளிகைக்கடைக்காரர் வீட்டுப் பூப்போட்ட பாவாடை, யார் வீட்டிலோ கொடுத்த கட்டம்போட்ட லுங்கி. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, கரித்துணியை நடுவில் வைத்து, மற்றதைச் சுற்றிலும் சேர்த்து அம்மா சதுரமாக்கினாள். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் உள்ளே மடித்து நகத்தால் நீவி, அடியில் பழைய வேட்டி ஒன்றைக் கொடுத்து, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சின்னச் சின்ன ஓட்டுத்தையலாகப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வேட்டியும் பிச்சைதான். நடுக்கட்டம் வந்ததும் ஊசி இறங்கவில்லை. எத்தனை முறை வேகவைத்தும் கொழுப்பு விடாத துணி. பழைய காலணா ஒன்றை விரலில் வைத்து ஊசியின் காதை அழுத்தி அழுத்தித் தைத்தாள். விரலில் ரத்தம் வந்தது. வாயில் வைத்துச் சப்பிவிட்டு மேலே தைத்தாள்.

ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. மார்கழி, கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற காற்று ஓலைச் சந்தில் புகுந்து எலும்பைத் தொடும். நான் படுப்பதும் போர்த்துவதும் கோணிச் சாக்கு. "எனக்கும் ஒண்ணு தெச்சிக் குடும்மா" என்று கேட்டேன்.

"உனுக்கு எதுக்குடி? பொட்டப்புள்ள தானா வளரும்."

தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். காய்ச்சலில் கிடந்த ஒரு காலையில், மடித்து வைத்திருந்த அந்தப் போர்வையை எடுத்து என்மேல் போட்டுக்கொண்டபோது, பதறி வந்து உருவிக்கொண்டாள். குழந்தைக்கு முன்னால் வேறு உடம்பு அதில் படக்கூடாதாம்.

தம்பி பிறந்தான். தங்கினான். பிச்சைமுத்து என்று பெயர் வைத்தார்கள். அப்பாவுக்குப் பெண் பார்க்கிற பேச்சு நின்றது. ஆனால் கல்யாணம், காதுகுத்து என்று நான்கு பேர் கூடிய இடத்திலெல்லாம் பெரியம்மா, "எவ்ளோ வளந்தாலும் இவன் என் வூட்டுக் கரித்துணில கெடந்தவன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா ஒவ்வொரு முறையும் சிரித்தாள்.

தம்பிக்கு இப்போது கள்ளக்குறிச்சியில் நெல் மண்டி இருக்கிறது. போர்டில் வெறும் முத்து, பிச்சையை வெட்டிவிட்டான். ஊரில் வீட்டை இடித்து மாடி எழுப்பியிருக்கிறான். போன மார்கழியில் தியாகதுருகத்திலிருந்து, நான் வாழ்க்கைப்பட்ட ஊர் அது, பஸ் ஏறிப் போனபோது, அம்மா கார் நிறுத்துகிற கொட்டகையில் உரச் சாக்கின்மேல் சுருண்டு கிடந்தாள். இருமல் சத்தத்தில் வீட்டுக்குள் பிள்ளைகள் படிக்க முடியவில்லையாம். அந்தப் பழைய போர்வையையாவது கொடுங்கள் என்றேன்.

"அதுவா அண்ணி? கார் தொடைக்க எடுத்துக்கினு போனாரு. கிழிஞ்சிச்சி, தூக்கிப் போட்டுட்டோம்" என்றாள் தம்பி மனைவி.

தம்பி சிரித்தான். "இன்னாக்கா, ஒரு பிச்சத் துணிக்கா இப்டிக் கேக்கற? நாளைக்கு நல்ல கம்பளியே வாங்கியாறேன்." கம்பளி வரவில்லை.

பையில் நான் மாற்றுக்கு வைத்திருந்த புடவையை எடுத்து, நான்காய் மடித்து அம்மாவுக்குப் போர்த்தினேன். கையால் தள்ளினாள். "எடுத்துடுடி. அவன் பாத்தா மனசு கஷ்டப்படுவான்." நான் எடுக்கவில்லை. தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது எங்கள் பக்கத்தில் யாரும் துணிப் பிச்சை கேட்பதில்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிறந்து, ஊசி போட்டுக்கொண்டு, தங்கிவிடுகின்றன. அந்த வழக்கம் ஒழிந்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். பொட்டப்புள்ள தானா வளரும் என்றாளே, வளர்ந்தேன். கடைசியில் அவள் உடம்பின்மேல் கிடந்தது, அவள் வேண்டாம் என்று தள்ளிய என் புடவை.