விற்காத மாதங்கள்

கோணியை உதறுவதற்கு முன்பே முகர்ந்து பார்த்துவிடுவார் அம்முலு. தவிடா, புண்ணாக்கா என்று மூக்கே சொல்லிவிடும். பூச்சிமருந்து வாடை அடித்தால் தூக்கி வீசிவிடுவார். "இதுல நெல்லு புடிச்சா எவன் துன்னுவான்?"

உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் பின்னால் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. சுற்றுப்பட்ட ஊர்களில் கிழிந்த கோணிகளை வாங்கி, ஒட்டுப் போட்டு, அரிசி மில்லுக்கு விற்பது தொழில். கோணி ஊசியைக் கொண்டையில் செருகி வைத்துக்கொண்டு, கொட்டகை முழுக்க அதையே தேடுவார். எண்ணும்போது ஒன்று என்று வாயில் வராது. "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் ஆரம்பிப்பார்.

இத்தனை சின்ன வியாபாரத்துக்கு ஜி.எஸ்.டி. நம்பரே தேவையில்லை. ஆனால் மில்லுக்கு நம்பர் போட்ட பில் வேண்டுமாம். மேனேஜர் பாண்டுரங்கன் சொன்னார், அம்முலு வாங்கினார். மில் கோணி எடுப்பதோ வருஷத்துக்கு ஒரே தடவை, தை அறுப்பின்போது. மற்ற மாதமெல்லாம் சேர்ப்பதும் தைப்பதும்தான். அந்த மாதங்களுக்கும் 'ஒன்றும் விற்கவில்லை' என்று தவறாமல் ரிட்டர்ன் போட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. போனில் ஆங்கிலத்தில் வந்த எச்சரிக்கையை, கடன் வேண்டுமா என்று வரும் மெசேஜ்களோடு சேர்த்து அழித்துவிட்டார். விற்காததைச் சொல்லாத குற்றத்துக்கு நம்பர் ரத்தாகிவிட்டது. என்ன நியாயமோ, எனக்கு வயிறு எரிகிறது.

இந்தத் தையில் ஆயிரத்து நானூறு கோணி தைத்து அடுக்கிய பிறகுதான் பாண்டுரங்கன் வந்து போனைத் தட்டிப் பார்த்தார்.

"நம்பரு கேன்சல்னு காட்டுதும்மா. நான் எடுத்தா என் வேல பூடும்."

"யாவாரமே இல்லாத மாசத்துக்கு இன்னாத்த நைனா எழுதறது?"

"ஒண்ணும் இல்லன்னு எழுதணும்."

ஆடிட்டர் சுகுமாரிடம் ஓடினார். விட்டுப்போன மாதங்கள் எல்லாவற்றுக்கும் ரிட்டர்ன் போட்டு, அபராதம் கட்டி, மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்றார் அவர். அதற்குள் அறுப்பே முடிந்துவிடும். மில் வேறு ஆளிடம் வாங்கிவிடும். காதில் கிடந்ததை விற்றுத்தான் இந்த வருஷம் முதல் போட்டிருந்தார் அம்முலு. வீட்டுக்கு வந்தவருக்கு அழக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் காலை காவாந்தண்டலத்திலிருந்து காளியம்மாள் மூட்டையோடு வந்தாள். கூலி வேலை கிடைக்காத நாளில் கோணி சேர்த்து வந்து கொடுப்பவள். ஒருநாளும் அவளை அம்முலு வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

"அல்லாம் நல்ல கோணி யக்கா. ஒரு ஓட்ட கீதா பாரு."

"வாணாம் காளி."

"வூட்ல அரிசி இல்லக்கா. இத்த நம்பித்தான் நடந்தே வந்தேன்."

அம்முலு எழுந்து வந்து, கீழே கிடந்த சும்மாட்டுத் துணியைச் சுருட்டிக் காளியம்மாளின் தலையில் வைத்தார். பிறகு குனிந்து, அதே கோணி மூட்டையை ஒரு பக்கம் தானே பிடித்துத் தூக்கி, அவள் தலையில் ஏற்றிவிட்டார்.