ரெஜினா மிஸ் நடந்து போய்ப் பார்க்காத ஒரேயொரு கணினி

வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் கோட்டைக்குப் போகும் ரயிலுக்காக நின்றபோது தொலைபேசி அடித்தது. ரெஜினா மிஸ்ஸின் தம்பி. "அக்கா மோசம் போயிட்டா" என்றார். மாரடைப்பு. காலையில் தேத்தண்ணி வைக்கப் போனவர் குசினியிலேயே விழுந்து இறந்துவிட்டாராம். வந்த ரயிலில் நான் ஏறவில்லை. துக்கத்தால் என்று சொன்னால் அது பாதிப் பொய். இரண்டு நாள் முன்பு அவரிடம் நான் சொன்ன ஒரு பதில்தான் மற்றப் பாதி. அவரை அறிந்த உங்களிடம் அதை மறைத்துவிட்டு, இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மடலில் அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

தனியார் வைத்தியசாலை ஒன்றின் கணினிப் பிரிவில் நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் எதிரெதிர் மேசையில் இருந்தோம். பாதுகாப்புத் திருத்தங்களை எங்கள் மேசையிலிருந்தே எல்லாக் கணினிகளுக்கும் அனுப்புவோம். போய்ச் சேர்ந்ததும் எங்கள் திரையில் கணினிப் பட்டியல் பச்சையாகும். எனக்கு அது போதும். மிஸ்ஸுக்குப் போதாது. கொப்பியோடு மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு கணினியும் கடைசியாக எப்போது நிறுத்தித் தொடக்கப்பட்டது என்று பார்த்து எழுதுவார். கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகத் தூக்கிப் போகும் மாதா சுரூபம் போலப் போகிறீர்களே என்று கேலி செய்தேன். "சுரூபம் வந்தா எழும்பி நிப்பாங்க குகன். என்னைக் கண்டா டொக்டர்மார் ஒளிக்கிறாங்க" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

சில மாதங்களுக்கு முன் இயங்குதளத்தில் ஒரு ஓட்டை இருப்பதாக அறிவித்தல் வந்தது. எங்கள் தொழிலில் அதைவிடக் கெட்ட ஓட்டை கிடையாது. எங்கோ இருக்கும் ஒருவன் வலையமைப்பு வழியாகத் தன் நிரலை அனுப்பி, அதை நம் கணினியில் ஓடவைக்கலாம். இங்கே யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. திருத்தத்தை அன்றே அனுப்பினோம். ஆனால் கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடக்கும்வரை அந்தத் திருத்தம் வேலை செய்யாது. ஆய்வுகூடத்தின் பிரதான கணினியை நிறுத்த அவர்கள் சம்மதிக்கவில்லை. பழைய மென்பொருள், நிறுத்தினால் திரும்ப எழும்புமோ தெரியாது என்றார்கள்.

மிஸ் ஆய்வுகூடத்து வைத்தியரிடம் போனார். நானும் கூடப் போனேன். நம்மை யார் தேடி வரப்போகிறார்கள் என்று வைத்தியர் கேட்டார்.

"ஒருத்தரும் எங்களைத் தேட மாட்டாங்க டொக்டர். திறந்து கிடக்கிறதை அவங்கட மெஷினே தேடும். பிறகு ரத்தம் உறையிற அளவை ஒருத்தன் மாத்திப் போட்டா, அது உங்கட கையெழுத்தோடதான் வெளிய போகும்."

வைத்தியர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். மாத அறிக்கையில் அந்தக் கணினிக்கு நேரே மிஸ் 'முடியவில்லை' என்று எழுதினார். முகாமையாளர் மாற்றச் சொல்லியும் மாற்றவில்லை. பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் லீவில் நின்றார். முகாமையாளர் என்னிடம் வந்தார். பட்டியலில் பச்சைதானே என்றார். நான் 'முடிந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். சண்டை பிடிக்கப் பஞ்சி, வெறும் சோம்பல், அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் மிஸ் வீட்டிலிருந்து அழைத்தார். வேறொன்றும் கதைக்கவில்லை.

"லேப் கணினி செய்தாச்சோ குகன்?"

"ஓம் மிஸ். முடிஞ்சுது."

"நீங்க சொன்னாச் சரி. இனி நான் கொஞ்சம் படுப்பன்."

அவரை அடக்கம் செய்துவிட்டு மயானத்திலிருந்து நேரே ஆய்வுகூடத்துக்குப் போனேன். யாரிடமும் கேட்காமல் வலையமைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுக் கணினியைப் பார்த்தேன். பயனர் பட்டியலில் எங்களில் யாரும் உருவாக்காத ஒரு பெயர் இருந்தது. நான் மிஸ்ஸுக்குப் பதில் சொன்னதற்கு மறுநாள் காலையில் அது உருவாகியிருந்தது. வந்தவன் எதையும் உடைக்கவில்லை. எதையும் கேட்கவுமில்லை. மூன்று நாள் சத்தமில்லாமல் உள்ளே இருந்திருக்கிறான். என்ன செய்தான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நடந்ததை என் பெயரில் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மூன்று நாளில் வெளியே போன முடிவுகளுக்கு உரியவர்களை ஒவ்வொருவராக அழைத்து மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். இருவருடைய அளவு பெரிதாக வேறுபட்டது. அது நோயாலா, அவனாலா என்று வைத்தியரால் சொல்ல முடியவில்லை. ஒருவர் மட்டும் தொலைபேசியை எடுக்கவே இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர். நேற்று கொம்பனித்தெருவில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு கிழமையாகிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். உடம்புக்கு என்ன வருத்தம் என்று அவருக்குத் தெரியவில்லை.

யார் சொல்லையும் நம்பிப் பழக்கமில்லாத ஒரு மனிதி என் சொல்லை ஒருமுறை நம்பினார். ரெஜினா மிஸ்ஸிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். இன்று பின்னேரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய், அந்த மனிதர் எந்த வார்ட்டில் இருக்கிறார், இருக்கிறாரா என்று கேட்கப் போகிறேன்.