மதுரைவீரன் கேட்கும் கேள்வி

“உள்ள இன்னா கீதுன்னு மொதல்ல சொல்லு. அப்பாலதான் தொடுவேன்.”

மேசைமேல் ஒரு ஹார்டு டிஸ்க் கிடக்கிறது. மதுரைவீரன் அதன்மேல் விரல்கூட வைக்கவில்லை. எதிரில் நிற்பவர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்கிற கம்பெனிக்காரர். கரண்டு போய்வந்ததில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, ஆர்டர் விவரமெல்லாம் அதற்குள்ளேதான் என்கிறார். மதுரைவீரன் விடுவதாயில்லை. எந்த ஃபைலுக்கு என்ன பேர், யார் அடித்தது, கடைசியாக எதை அடித்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பதில் சொல்லும்போது வந்தவர் கண் எங்கே போகிறது என்பதையும் கவனிக்கிறார். மனம் சமாதானமான பிறகே திருப்புளி கைக்கு வரும்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், சைக்கிள் கடையை ஒட்டிய ஒற்றை அறைதான் அவருடைய கடை. ‘அழிந்த தகவல் மீட்டுத் தரப்படும். மீளாதபடி அழித்தும் தரப்படும்’ என்று பலகை தொங்குகிறது. இரண்டாவது வரியைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. அழிக்க எங்களுக்குத் தெரியாதா என்பார்கள். அவர்களுக்கு அவர் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். “கதவு மேல கீற நம்பர சொரண்டிட்டா ஊடு காணாப்பூடுமா? டெலிட்டு பண்றதும் அதேதான். ஊடு அப்படியே நிக்கும். மேல வேற எதுனா எழுதினாதான் இடியும்.”

ஒல்லியான ஆள். நாற்பதைத் தாண்டிவிட்டார். பேசும்போது எதிராளியின் கையையே பார்ப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் போகையில் கடையைப் பூட்டினால் மட்டும் போதாது. கீபோர்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பார். வெளியாள் கொண்டுவரும் ஃப்ளாப்பியை முதலில் மோந்து பார்ப்பார். பூஞ்சை வாசனை அடித்தால் டிரைவுக்குள் விட மாட்டார். வைரஸ் இல்லை என்று யாராவது தாமாக முன்வந்து சொன்னால் அந்த ஃப்ளாப்பி அன்று முழுக்கத் தனியாகக் கிடக்கும். தன் சொந்த வேலைக்கு எடுத்த நகல்களில் ஒன்று கடையில், ஒன்று வீட்டு அரிசி டப்பாவில், மற்றது செம்பரம்பாக்கத்தில் மாமியார் வீட்டு பீரோவில். அதில் என்ன இருக்கிறது என்று மாமியாருக்கு இன்றுவரை தெரியாது.

மனைவி வேம்புலியம்மாளுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. “கேஸ் சிலிண்டரு சீலயே நாலு தபா தடவிப் பாக்கற மன்சன். என்னியக் கட்டிக்கச் சொல்ல மட்டும் ஒண்ணுமே கேக்காம கட்டிக்கினாரு” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

கடை போட்ட புதிதில் அவர் இப்படி இல்லை. ஒருநாள் சட்டை மடிப்புக் கலையாத ஓர் ஆள் கெட்டுப்போன ஃப்ளாப்பிகளைக் கொண்டுவந்து, தன் கம்பெனி மெஷின் வரைபடம் என்றான். இவரும் இரண்டு நாள் மெனக்கெட்டு மீட்டுக் கொடுத்தார். அது வேறொரு கம்பெனியில் திருடியது. போலீஸ் வந்து இவரைத்தான் முதலில் அழைத்துப் போனது. ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஏதோ வேலையாக உள்ளே வந்தார்கள்; இவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் வெளியே போனார்கள். அன்றைக்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. உள்ளே இருப்பதைச் சொல்லத் தெரிந்தவன்தான் உரியவன் என்பது அவர் கண்டுபிடித்த சட்டம். அது பொய்த்ததில்லை, தொண்ணூற்றேழாம் வருஷத்து மழைக்காலம் வரைக்கும்.

அந்த ஐப்பசியில் பஞ்சவர்ணம் என்ற பெண் வந்தாள். திருநின்றவூரில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து டைப் அடித்துக் கொடுப்பவள். துண்டில் சுற்றி ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்திருந்தாள். அதன் தலையில் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு. அதற்கே அவர் முதலில் சத்தம் போட்டார். பொடி உள்ளே இறங்கினால் என்ன ஆவது என்று. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. இதில் இருப்பதெல்லாம் யார் தேடினாலும் கிடைக்காதபடி போக வேண்டும் என்றாள்.

மீட்கக் கேட்பவனைவிட அழிக்கக் கேட்பவனிடம் அவருக்குச் சந்தேகம் அதிகம். உள்ளே என்ன என்று கேட்டார். அவள் சொல்ல மறுத்தாள். பில் எங்கே என்றார். பில் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது, டிஸ்க் என்னுடையது, என் வளையலை விற்று வாங்கியது என்றாள். ஏதோ ஆபீஸில் கைவைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வலது மணிக்கட்டு வீங்கியிருந்ததையும், எதை எடுத்தாலும் இடது கையால் அவள் எடுத்ததையும் பார்த்தார். அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

“பில்லுல கீறவர இட்டுகினு வாம்மா. அவரு சொன்னா அழிக்கிறேன்” என்றார்.

அவள் டிஸ்க்கை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பார்த்தசாரதி என்று பேர் சொன்னார். எஸ்டேட்டில் சூப்பர்வைசர். மரியாதையான பேச்சு. பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார். ‘ஃபார்மட்’ செய்துவிட்டார்கள், மீட்க முடியுமா என்றார். குங்குமம் பாதி அழிந்திருந்தது. ஆனாலும் மதுரைவீரனுக்கு அடையாளம் தெரிந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கமான கேள்வியை மட்டும் கேட்டார்.

பார்த்தசாரதி ஒன்றுவிடாமல் சொன்னார். கல்யாணப் பத்திரிகைகள் எந்தப் பேரில் இருக்கின்றன, யாருடைய பயோடேட்டா எதில், காலேஜ் பிள்ளைகளின் பிராஜெக்ட் எதில் என்று மளமளவென வந்தது. பில்லையும் நீட்டினார். சட்டப்படி அவர்தான் உரியவர்.

“என் மனைவி அடிக்கிற ஒவ்வொண்ணையும் நான் படிச்சிடுவேன் சார். படிக்காம படுக்க மாட்டேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எல்லாம் வேண்டாம். கடைசி ஒரு வாரத்துல அடிச்சது மட்டும் வந்தா போதும். மத்தது போனா போகுது” என்றார்.

மதுரைவீரனுக்கு அங்கேதான் உறுத்தியது. டிஸ்க் செத்துப்போய் வருகிறவன் எல்லாம் வேண்டும் என்றுதான் அழுவான். மத்தது போகட்டும் என்று சொன்ன ஆளை அவர் பார்த்ததில்லை. வெளியே ஸ்டூலில் உட்காரச் சொன்னார். கூட உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார் பார்த்தசாரதி. தூசு ஆகாது சார் என்று சொல்லி, மதுரைவீரன் மானிட்டரை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் செய்திருந்தது வெறும் ஃபார்மட்; கதவு நம்பரைச் சுரண்டிய கதைதான். எல்லாம் அழிந்தது என்று நம்பியிருக்கிறாள். கொஞ்ச நேரத்திலேயே எழுத்துகள் துண்டு துண்டாக மேலே வர ஆரம்பித்தன. பஞ்சவர்ணத்தின் பயோடேட்டா வந்தது. ஓசூரில் ஒரு கம்பெனிக்கு அனுப்பிய விண்ணப்பம் வந்தது. அதன்பின் அங்கே ஒரு பெண்கள் விடுதி வார்டனுக்கு எழுதியது. விடுதியின் முகவரி முழுசாக இருந்தது. ‘என்னைத் தேடி யார் வந்தாலும், என் கணவர் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும், நான் இங்கே இருப்பதைத் தயவுசெய்து சொல்ல வேண்டாம். கை சரியானதும் வேலையில் சேர்ந்துவிடுவேன்.’

வீங்கிய மணிக்கட்டு அவர் கண்முன் வந்து நின்றது. இந்த ஆளையே கூட்டிவரச் சொல்லித்தான் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்று புரிந்தது. அப்போதும் பாழும் சந்தேகம் அவரை விடவில்லை. இவள் சொல்வது நிஜமா, இந்த ஆளிடம் கேட்டால் வேறு கதை சொல்வானோ என்று ஒருகணம் புரண்டது. தலையை நீட்டி வெளியே பார்த்தார். பார்த்தசாரதி ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து அறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். போன பொண்டாட்டி உயிரோடு நலமாக இருக்கிறாளா என்று இந்த மனுஷன் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று மதுரைவீரனுக்கு உறைத்தது.

அவர் கை விசைப்பலகைக்குப் போனது. டிஸ்க் முழுக்க, தொடக்கத்திலிருந்து கடைசி வரை, வெறும் சுழியங்களாக எழுதச் சொன்னார். ஓசூர் இருந்த இடத்தில் சுழியம். வார்டன் இருந்த இடத்தில் சுழியம். டிஸ்க் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தது.

“என்ன சார், வருதா?” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

“தேடிகினு கீது சார். லைட்டு எரியுது பாருங்க. நடுவுல நிறுத்தினா மொத்தமும் பூடும்.”

பார்த்தசாரதிக்கு எதிர்க் கடையிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் குடித்து முடித்து, பேப்பரைப் புரட்டி, எழுந்து நடந்து, மறுபடி உட்கார்ந்தார். விளக்கு அணைந்ததும் மதுரைவீரனே மானிட்டரை அவர் பக்கம் திருப்பினார். திரை நெடுகச் சுழியங்கள் வரிசைகட்டி நின்றன.

“ஒண்ணியும் இல்ல சார். பண்ணவங்க நல்லாவே பண்ணிக்கீறாங்க.”

பார்த்தசாரதி திரையைப் பார்த்தார். பிறகு அவருடைய முகத்தையும் கையையும் பார்த்தார். மதுரைவீரன் வருகிறவர்களை எப்படிப் பார்ப்பாரோ அதே பார்வை.

“அவளுக்கு இவ்வளவு தெரியாதே” என்றார்.

டிஸ்க்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மதுரைவீரன் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. என்ன ஏது என்று வேம்புலியம்மாள் கேட்டதற்கு, வேலை அதிகம் என்று மட்டும் சொன்னார். ஓசூரை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போதும் பார்த்தசாரதி வருகிறார். எஸ்டேட்டில் ஷிப்டு விட்டதும் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். கடைக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று கவனிப்பார். சில நாள் எழுந்து வந்து, சிரித்த முகமாக வாசலில் நிற்பார். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வந்து நின்றார்.

“ஊர் பேராவது ஏதாவது கண்ணுல பட்டுதா? நினைச்சுப் பாருங்களேன்.”

மதுரைவீரன் இல்லை என்று தலையாட்டினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த டிரைவின் மூடியில், எப்போதோ இறுகிவிட்ட ஒரு திருகை, பார்த்தசாரதி வாசலை விட்டு நகரும்வரை திருப்புளியால் இன்னும் இறுக்கிக்கொண்டே இருந்தார்.