ஆத்தா வந்திருக்கும் வீடு

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. தண்ணீர் கேட்கலாமென்று சாலையோரத்து ஓட்டு வீட்டை நோக்கி நடக்கிறேன். நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கிறது.

“அண்ணே, அங்கனயே நில்லுங்க!” வாசலுக்கு வந்த பெண் கையை நீட்டித் தடுக்கிறாள். “மகளுக்கு ஆத்தா வந்திருக்கா. வெளியாள் வரக்கூடாது, இங்கன தண்ணியும் வாங்கக்கூடாது. கிணத்து மேட்டு வீட்ல கேளுங்க.”

எட்டு நாளாக அவள் காட்டு வேலைக்கும் போகவில்லையாம், கடைக்கும் போகவில்லையாம்.

“அம்மை குத்துகிறவர் இந்தப் பக்கம் வரவில்லையா?” என்று நின்ற இடத்திலிருந்தே கேட்கிறேன்.

“வந்தாரு. ஆத்தாகிட்ட உத்தரவு கேட்டுட்டுச் சின்னவனுக்குக் குத்தச் சொல்லிட்டேன். புள்ளைக நல்லா இருந்தா அவளுக்கும் சந்தோசந்தானே?”

எனக்கு அது தொற்றுநோய். அவளுக்கு வீடு தேடி வந்த தாய். ஆனால் நோய் பரவாமலிருக்கப் படித்தவன் சொல்வது அத்தனையையும் அவள் தாய்க்குச் செய்யும் மரியாதையாகவே செய்துவிடுகிறாள்.

உள்ளிருந்து மெலிந்த குரல் வருகிறது. “அம்மா, பசிக்குது.”

“கேட்டீகளாண்ணே? மூணு நாளா வாயே தொறக்காத புள்ள!” கும்பிட்ட கையோடு உள்ளே ஓடுகிறாள்.

சாமி கும்பிட்டுப் பல வருஷமான என் கைகளும் தாமாகவே குவிகின்றன.