மதிலுக்கு அடியில் இருந்த மதகு

2005 ஐப்பசி மாதம். மரக்காணத்தில் நாங்கள் புதிதாக வாங்கிய வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்து மூன்றாவது நாள். மேசைமேல் ஸ்டவ்வை ஏற்றி வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டே அழுதேன். குடிவந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. "ஆண்டவரே, கொடுத்த வீட்டை நீரே பிடுங்கிக்கொள்கிறீரா?" என்று சண்டையும் போட்டேன்.

பிரியமானவர்களே, அந்தத் தண்ணீர் வெளியேற ஒரு வழி இருந்தது. எங்கள் புதுக் குடியிருப்பு நகரில் இருந்த முப்பது குடும்பத்தில் அது எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்தும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடேயே சொல்கிறேன்.

என் பெயர் சலோமி. கணவர் தேவராஜ் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வெல்டர். பன்னிரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே என் பிள்ளைகள் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். சொந்த வீடு வேண்டும் என்று நான் முழங்காலில் நிற்காத நாள் இல்லை. 2004ல், வேலை நின்றுபோய்க் கிடந்த ஒரு உப்பளத்தில் கிராவல் கொட்டி மேடாக்கி நகர் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். அகலமான தெரு, பூங்காவுக்கு இடம், வாசலில் வளைவு, சுற்றிலும் உயரமான மண் கரை. எல்லாம் படத்தில் வரைந்ததுபோல இருந்தது.

அந்த உப்பளம் எனக்குப் புதிதில்லை. பதினான்கு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை நான் அதில்தான் உப்பு வாரினேன். அப்பா, அம்மா, அண்ணன் எல்லாருக்கும் அங்கேதான் கூலி. அளத்தின் மேற்கு மூலையில் ஒரு மதகு உண்டு. மழை தொடங்கியதும் அதன் பலகையைத் தூக்கிவிடுவோம். பாத்திகளில் நிற்கும் தண்ணீரெல்லாம் அது வழியாக வாய்க்காலில் இறங்கிப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்விடும். வீடு பார்க்கப் போன அன்று ஒரு லாரி சரியாக அந்த மூலையில் கிராவலைக் கொட்டிக்கொண்டிருந்தது. மூடாதீர்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் சைட்டில் இருந்த ஆள், "வாங்க மேடம், இந்த நெழல்ல நில்லுங்க மேடம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அதுவரை என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. மதகைப் பற்றிச் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். நாற்காலியில் உட்கார்ந்து, உப்பில் நின்று வந்த கால் ஆணி தெரியாமல் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டேன். கடைசியில் எங்களுக்கு அமைந்ததும் அந்த மூலை வீடுதான்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு நாலு வேண்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தில், அப்பாவுக்குத் திண்டிவனத்தில் மளிகைக் கடை என்று சொல்லி வைத்தேன். என் அண்ணன் ஏசுதாஸ் அப்போதும் பக்கத்து அளம் ஒன்றில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு அவரை நான் அழைக்கவில்லை. தேவராஜ் கேட்டதற்கு, இடம் பத்தாது என்றேன். நூறு பேருக்குப் பிரியாணி போட்ட வாசலில் கூடப்பிறந்தவர் ஒருவர் உட்கார இடமில்லையாம்.

மழை வந்ததும் மண் கரை தண்ணீரை வெளியே விடாமல் தேக்கிக்கொண்டது. நகர் முழுவதும் ஒரே பாத்தியாக ஆகிவிட்டது. ஆண்கள் டீசல் மோட்டார் வைத்து இறைத்து ரோட்டுப் பக்கம் விட்டார்கள். விட்ட தண்ணீர் வளைவு வழியாகத் திரும்பி வந்தது. ரோட்டுக்குப் போகும் பாதையும் அரித்துக்கொண்டு போனதால் ஆட்டோகூட உள்ளே வரவில்லை.

எங்களுக்கு எதிர்வீடு நூர்ஜஹானுடையது. கூனிமேட்டுப் பெண். கணவர் சவுதியில். ஆபரேஷன் செய்து பிள்ளை பிறந்து பதினைந்து நாள்தான். தெருவிலேயே தாழ்வான வீடு அது. கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்கி, அவளையும் குழந்தையையும் அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள். தையல் போட்ட வயிற்றோடு இறங்கி நடக்க அவளால் முடியாது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் மூன்றாவது செங்கலைத் தொட்டது.

நான் சாப்பிடாமல் ஜெபம் செய்தேன். தண்ணீரை வற்றப்பண்ணும் என்று கேட்கும்போதெல்லாம் என் கண்ணுக்குள் அந்த மதகுதான் வந்து நின்றது. கண்ணைத் திறந்துவிடுவேன். மறுபடி மூடினால் மறுபடி மதகு. "அது வேண்டாம் ஆண்டவரே, வேறு வழி காட்டும்" என்று அவருக்கே யோசனை சொன்னேன். என் துணிச்சலைப் பாருங்கள்.

கஞ்சியை எடுத்துக்கொண்டு நூர்ஜஹானிடம் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நானும் துவா கேக்குறேன். ஆனா நீங்க கேட்டா சீக்கிரம் கெடைக்கும். நீங்க சுத்தமான மனசுக்காரங்க" என்றாள். குழந்தை அவள் மடியில் ஈரத் துணிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளியே மோட்டார் பக்கத்தில் நகர்ச் சங்கத் தலைவர் நின்றிருந்தார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆண்கள் பத்துப் பேர் கூட இருந்தார்கள். நேரே அவரிடம் போய், "சார், எங்க வூட்டு மதிலுக்குக் கீழ ஒரு மதகு இருக்குது. அதத் தொறந்தா தண்ணி போயிடும்" என்றேன்.

"மதகா? உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"பதினாலு வயசுலேர்ந்து இந்த அளத்துல உப்பு வாரினவ சார் நானு. எங்கப்பாவுக்குக் கடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இத மூடுன அன்னைக்கும் பார்த்துக்கினுதான் இருந்தேன். சொல்லாம உட்டுட்டேன்."

தேவராஜ் கிட்டே வந்து, "மதிலுக்குப் போன வாரந்தானே பெயின்ட் அடிச்சோம்" என்று முணுமுணுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடப்பாரையைத் தேடிப் போய்விட்டார்.

நான் காட்டிய இடத்தில் மதிலை இடித்துத் தோண்டினார்கள். மதகு இல்லை. இன்னும் நாலடி தள்ளிச் சொன்னேன். அங்கேயும் இல்லை. கிராவல் கொட்டி மேடாக்கியதில் எனக்கு அடையாளம் தப்பிவிட்டது. ஒருவர் என் காதில் விழும்படியே, "இதுவும் பொய்யோ என்னவோ" என்றார். அவர்மேல் கோபம்கூட வரவில்லை. இனி கேட்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணன் வீட்டுக்கு நானே நடந்து போனேன்.

வழியில் விஷயத்தைக் கேட்டு, அண்ணன் தன்னோடு வேலை செய்யும் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு வந்தார். எங்கள் கேட் அருகில் நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

அவர் மண்வெட்டியைத் தொடவில்லை. மதிலுக்கு வெளியே பழைய வாய்க்காலில் இறங்கி, வெறுங்காலால் தடவித் தடவி நடந்தார். வரப்பில் கசிவு எங்கே என்று உப்பளத்தில் காலால்தான் பார்ப்போம். கசிகிற இடத்தில் சேறு இளகி, பாதத்தில் சில்லென்று படும். ஓரிடத்தில் நின்றார். "இங்க கசியுது. இதுக்கு நேரா உள்ள தோண்டுங்க" என்றார். அதற்கு நேராக எங்கள் கேட் தூண் இருந்தது. என் பெயரும் கணவர் பெயரும் வெட்டிய மார்பிள் கல்லைப் புதுச்சேரியில் செய்து அதில்தான் பதித்திருந்தேன்.

"இடிங்க" என்றேன்.

தூண் விழுந்தது. நாலடி ஆழத்தில் பழைய செங்கல் கட்டும் பலகையும் தெரிந்தன. கடல் ஓதம் வடிந்து கால்வாயில் தண்ணீர் இறங்கும் நேரம்வரை பொறுக்கச் சொன்னார் அண்ணன். பிறகு நாலு பேருமாகப் பலகையை நெம்பித் தூக்கினார்கள். தண்ணீர் உறுமிக்கொண்டு வெளியே பாய்ந்தது. பொழுது சாய்வதற்குள் நூர்ஜஹான் வீட்டுத் தரை தெரிந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவள் என்னைக் கூப்பிட்டுக் குழந்தையை என் கையில் கொடுத்தாள். "எங்ககிட்ட முன்னயே சொல்லியிருக்கலாமில்லக்கா" என்று மட்டும் கேட்டாள்.

அண்ணனுக்கு வீட்டுக்குள் நாற்காலி போட்டுச் சோறு வைத்தேன். "அண்ணா, என்ன மன்னிச்சிடு" என்றேன். அவர் சுவர்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"வூடு நல்லாத்தான் இருக்குது. நீங்க வூடு தேடுறீங்கன்னு மாப்ள பஸ் ஸ்டாண்டுல சொன்னாரு. அன்னையிலேர்ந்து வெள்ளிக்கெழமை ஆனா உபவாசம் இருந்தேன். அமைஞ்சிடுச்சின்னு யாரோ சொன்னாங்க, அப்பறம் உட்டுட்டேன்" என்றார்.

ஏறக்குறைய ஒரு வருஷம். உப்பளத்து வெயிலில், வெறும் வயிற்றோடு. பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு அவர் உப்பு வாரியிருக்கிறார். கிரயம் முடிந்த வாரம் நான் சபையில் எழுந்து நின்று, என் முழங்கால் ஜெபத்துக்குக் கர்த்தர் தந்த வீடு என்று சாட்சி சொன்னேன். உங்களில் சிலரும் அன்று கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டு என்னுடையது அல்ல.

2006 பிறந்த பிறகு மதிலைத் திரும்பக் கட்டினோம். மதகுக்கு வழி விட்டுத்தான் கட்டினோம். நகரில் இப்போது யாரும் என்னை மேடம் என்று கூப்பிடுவதில்லை, அக்கா என்கிறார்கள். எங்கே பிறந்தேன், என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் சொல்கிறேன். சொல்லும்போது இன்னும் கொஞ்சம் நாக்கு தடுமாறத்தான் செய்கிறது. அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, கேளுங்கள், அவர் பதில் தருவார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் ஒதுக்கி வைத்த ஒருவரிடம் அந்தப் பதிலை அவர் கொடுத்து வைத்திருக்கலாம். அப்படியானால் போய்க் கூப்பிடுங்கள், பயப்படாதீர்கள். அன்று அண்ணன் வீட்டு வாசலில் நின்று நான் கூப்பிட்டபோது, எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.