வியாழக்கிழமைப் பதம்

வியாபாரம் இல்லாத கடையில் ஈ ஓட்ட ஆள் உண்டு. ஈக்குச் சமைத்துப் போட ஆள் வைத்திருக்கும் இடம் உலகத்தில் ஒன்றுதான். அது பல்கலைக்கழகம். உயிரியல் கட்டடத்தில் படியிறங்கியதும் இடது பக்கம் முதல் அறையில், பத்தொன்பது வருஷமாக ஈக்களுக்குச் சமைத்துவந்தவளை எல்லாரும் ஈயம்மா என்றே கூப்பிட்டார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவளோ என்று நினைத்து, ஒரு புதுக் குமாஸ்தா வீட்டுப் பித்தளைக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதும் உண்டு.

அதற்கு முன் அவள் மாணவர் விடுதியில் நானூறு பேருக்குச் சமைத்தாள். நானூறு பேரும் நாளுக்கு நானூறு குறை சொன்னார்கள். "வாயில்லா ஜீவனுக்குச் சமைக்கிற வேலை ஏதாவது இருந்தா குடுங்க" என்று எரிச்சலில் ஒருநாள் அலுவலகத்தில் சொல்லிவைத்தாள். பல்கலைக்கழகத்தில் எதைக் கேட்டாலும் அதற்கென்று ஒரு துறை இருக்கும். மறுவாரமே கட்டடம் மாற்றினார்கள்.

வாழைப்பழத்தை மூடாமல் வைத்தால் வந்து மொய்க்குமே, குறுணை அரிசி அளவில், அந்தப் பழ ஈதான் அவளுடைய விருந்தாளி. அதற்கும் நமக்கும் ஒன்றுவிட்ட பெரியப்பன் பிள்ளை அளவுக்காவது உறவு இருக்கிறது என்பது மாடியில் ஆராய்ச்சி செய்பவர்களின் கணக்கு. மனிதன் கிழவனாவதைப் பார்க்க எண்பது வருஷம் காத்திருக்க வேண்டும். ஈ எண்பது நாளில் கிழடாகிவிடும். மூப்பு எப்படி வருகிறது, அதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்க அதைவிடத் தோதான ஆள் கிடையாது.

உறவுக்காரர்களுக்கு இது விளங்கவில்லை. அவளுடைய அக்காள் புருஷன் விசேஷ வீடுகளில் நாலு பேர் காதில் விழும்படி சொல்வார்: "என் கொழுந்தியா பல்கலைக்கழகத்துல ஈ ஓட்டறா."

"ஓட்டறது உங்க கடையில அத்தான். நாங்க வளக்கறோம்" என்பாள் ஈயம்மா.

சாப்பாட்டு வண்டிச் சக்கரத்தின் கிறீச்சொலி கேட்டாலே ஈக்கள் தாங்கள் வளரும் புட்டியின் பஞ்சுமூடி வரை ஏறிவந்து வரிசையில் நிற்கும், பெரிய ஈ சின்ன ஈக்கு வழிவிடும் என்றும் சொல்வாள். அண்டப் புளுகுதான். ஆனால் மறுத்துச் சொல்ல மாடியிலிருந்து இதுவரை ஒருவரும் இறங்கி வரவில்லை.

சமையல் வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும். இருபது லிட்டர் எஃகு அண்டா. சுவரில் ஒட்டிய தாளில் மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கூழை உறையவைக்கும் அகர் தூள் எல்லாம் கிராம் கணக்கில் இருக்கும். அதைத் தராசில் ஒரு பொட்டுத் தவறாமல் நிறுப்பாள். கடைசி வரி மட்டும் கிராமிலும் அடங்காது, நிமிடத்திலும் அடங்காது: 'பதம் வரும்வரை கிண்டவும்.'

அந்தப் பதம் அவளிடம்தான் இருந்தது. கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை, காதில் இருந்தது. கூழ் முதலில் சலசலக்கும். பிறகு களக்களக்கென்று பேசும். அப்புறம் வாயாடி ஒருத்தி மூச்சு வாங்க நிறுத்தினதுபோல ஓர் அமைதி. அதற்குள்ளிருந்து 'பொத்' என்று ஒரு கொப்புளம் வெடிக்கும். மூன்றாவது பொத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

"கண்ணால பாக்கறவ கத்துக்குட்டி. காதால கேக்கறவதான் சமையக்காரி" என்பது அவள் வேதவாக்கு.

மாடியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண்ணுக்குக் குச்சி என்று பெயர் வைத்தவளும் ஈயம்மாதான். ஈக்களுக்கு வேளை தவறாமல் சாப்பாடு மாற்றிவிட்டு, தான் மட்டும் சாப்பிட மறந்துபோகிற ஜாதி அது. குச்சி ஒரு மரபணுவைத் திருத்திய ஈக்களை அலமாரியின் ஒரு தட்டிலும் சாதாரண ஈக்களை இன்னொரு தட்டிலும் வளர்த்து, எவை அதிக நாள் வாழ்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டாயிரம் புட்டிகளுக்கும் ஒரே நாளில் சாப்பாடு மாற்ற முடியாது. அதனால் ஆரம்பத்திலேயே கீழே வந்து கேட்டாள்.

"ஈயம்மா, திருத்தின ஈக்குத் திங்கக்கிழமைச் சாப்பாடு, சாதா ஈக்கு வியாழக்கிழமைச் சாப்பாடுன்னு வச்சுக்கலாமா? ரெண்டும் ஒண்ணுதானே?"

"என்ன கேள்வி இது? என் பதம் தப்பாது கண்ணு. எழுதி வச்சுக்கோ."

குச்சி எழுதி வைத்துக்கொண்டாள். அந்த ஒரு வாக்கின்மேல் இரண்டு வருஷ ஆராய்ச்சி ஏறி உட்கார்ந்தது.

திருத்திய ஈக்கள் பதினொரு நாள் அதிகமாக வாழ்ந்தன. ஈயின் பதினொரு நாள் நமக்குப் பதினொரு வருஷத்துக்குச் சமம். கட்டுரை வெளியானதும் குச்சியின் பேராசிரியர் தானே படியிறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் ஈயம்மா எமனிடமே வாய்தா வாங்கிக் கொடுத்தவள் மாதிரி நடந்தாள்.

ஆறு மாதம் கழித்துக் கடல் கடந்த வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்களும் அதே ஈயை, அதே சாப்பாட்டில் வளர்த்துப் பார்த்தார்களாம். பதினொரு நாள் வரவில்லை. என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள, மிகுந்த மரியாதையோடு பதினேழு கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். குச்சியின் பட்டம் அந்தப் பதினேழு பதிலுக்காகக் காத்து நின்றது.

பதினாறுக்குப் பேராசிரியர் பதில் எழுதிவிட்டார். சாப்பாட்டின் பதம் எப்படி முடிவு செய்யப்படுகிறது என்ற பன்னிரண்டாவது கேள்வி மட்டும் அவரைக் கீழே அனுப்பியது.

"பதம்னா என்னன்னு அவங்களுக்கு எப்படி எழுதறதும்மா?"

"மூணாவது பொத்துன்னு எழுதுங்க சார்."

பேராசிரியர் குறிப்பேட்டில் 'பொத்' என்று எழுதி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அளந்து காட்டிடலாம் சார்" என்றாள் அவரோடு இறங்கி வந்திருந்த குச்சி. "சமைக்கறதுக்கு முன்னாடி அண்டாவை எடை போடறேன். இறக்கினதும் எடை போடறேன். எவ்வளவு தண்ணி வத்திருக்குன்னு தெரிஞ்சுடும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு வத்தினா அதுதான் பதம்."

"நல்லா அளந்துக்கோ. ஒரு கரண்டி வித்தியாசம் வந்தா நான் கரண்டியையே கீழ வச்சிடறேன்" என்று சவால் விட்டாள் ஈயம்மா. கிண்டும்போது பக்கத்தில் நிற்க மட்டும் விடவில்லை. "நின்னா பேசுவே. பேசினா எனக்குப் பொத் கேக்காது."

எட்டு வாரம் அளந்தார்கள். எட்டுத் திங்கட்கிழமையும் வற்றியது இரண்டு லிட்டர். ஒரு டம்ளர் கூடக்குறைய இல்லை. வியாழக்கிழமைகளில் ஒருமுறை இரண்டரை, மற்றபடி மூன்று, நாலு, ஒருமுறை ஐந்து லிட்டர் வரைக்கும் போயிருந்தது. அதாவது வியாழக்கிழமைக் கூழ் கெட்டி, சத்து அதிகம். சத்து மிஞ்சினால் ஈயின் ஆயுள் குறையும் என்பது மாடியில் எல்லாருக்கும் தெரிந்த பாலபாடம். அப்படியானால் சாதாரண ஈக்கள் சீக்கிரம் செத்தது மரபணுவாலா, கூழாலா?

எடை குறித்த தாளைப் பார்த்த குச்சியின் முகம் மாவாக வெளுத்துப்போனது.

"தராசு தப்பு" என்றாள் ஈயம்மா. தராசைச் சரிபார்த்தார்கள், தப்பில்லை. "அப்போ அடுப்பு. கிழட்டு அடுப்பு. வியாழக்கிழமை காஸ் வேகமா வருது." மாடியிலும் அதைத்தான் நம்பினார்கள். பத்தொன்பது வருஷம் தப்பாத ஆளையா சந்தேகப்படுவது? புது அடுப்புக்கு விண்ணப்பம்கூடத் தயாரானது.

ஒன்பதாவது வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூழ் களக்களக்கென்று பேச ஆரம்பித்தபோது, ஈயம்மாவின் கைபேசியும் பேச ஆரம்பித்தது. அவளுடைய அக்காள். அக்காளுக்கு வாரவிடுமுறை வியாழக்கிழமைதான்.

"கேட்டியாடி, மருமக பண்ணின காரியத்தை!"

"சொல்லு அக்கா" என்று ஈயம்மா தோளை உயர்த்தி, கைபேசியைக் காதோடு இடுக்கிக்கொண்டு கிண்டினாள்.

"குளிர்பெட்டியை நகத்தி வச்சிருக்கா. என்னை ஒரு வார்த்தை கேக்கல. தண்ணி எடுக்கப் போனா சுவரு இடிக்குது."

"அதானே பாத்தேன்."

"என்னத்தைப் பாத்தே? நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கல…"

அக்காள் பேச உட்கார்ந்தால் கூழென்ன, அண்டாவே வெந்துவிடும். குளிர்பெட்டி முடிந்து, திரைச்சீலை முடிந்து, சம்பந்தி வீட்டு ராஜ்ஜியம் தொடங்கின வேளையில் கை வலித்தது. ஈயம்மா கரண்டியை விட்டாள். கரண்டி சாயவில்லை. அண்டாவின் நடுவில் காவல்காரன் மாதிரி நிமிர்ந்து நின்றது.

ஈயம்மா கரண்டியைப் பார்த்தாள். காதோடு ஒட்டியிருந்த கைபேசியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது பொத் எப்போது வெடித்தது? முதல் பொத்தே கேட்கவில்லையே!

"அக்கா, போனை வை."

"என்னடி, முக்கியமான கட்டத்துல இருக்கேன்!"

"நானும்தான்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாராவாரம் ஆய்வுக்குழு கூடுகிற அறைக்குள் ஈயம்மா அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. படியேறும்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். பழியை ஏற்கெனவே அடுப்பின்மேல் போட்டாயிற்று. புது அடுப்பு வரும், இனிமேல் போனை எடுக்காமல் இருந்தால் போதும், பெயரும் கெடாது. ஆனால் அந்தப் பதினொரு நாளில் எத்தனை நாள் குச்சியுடையது, எத்தனை நாள் தன்னுடையது என்று எவருக்கும் எந்தக் காலத்திலும் தெரியாமலே போய்விடும்.

உள்ளே புது அடுப்பைப் பற்றித்தான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஈயம்மா வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அடுப்பு மேல பழி போடாதீங்க சார். அது ஊமை. தப்பு என் காதுல இருக்கு. வியாழக்கிழமை ஆனா என் அக்கா போன் பண்றா. நான் பேசிக்கிட்டே கிண்டறேன். எனக்குப் பதம் கேக்கல. இந்தப் பொண்ணு ரெண்டும் ஒண்ணுதானான்னு கேட்டா. ஒண்ணுதான்னு நான் சொன்னேன். ஒண்ணில்ல."

ஒருவன் சிரித்தான். பேராசிரியர் சிரிக்கவில்லை. எழுந்து, தன் பக்கத்து நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டுக் குறிப்பேட்டை விரித்தார்.

"எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்க?"

"பதினொண்ணு சார்."

"எவ்வளவு நேரம் பேசுவாங்க?"

"அது அவங்க மருமகளைப் பொறுத்தது சார்."

இப்போது பேராசிரியரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கைபேசியை வாங்கி, எட்டு வியாழக்கிழமைகளில் எத்தனை நிமிடம் பேச்சு என்று குறித்தார். குச்சி எழுந்துபோய்ப் பலகையில் படம் போட்டாள். கீழ்க்கோட்டில் அக்காள் பேசிய நிமிடம், மேல்நோக்கி வற்றிய தண்ணீர். எட்டுப் புள்ளிகளும் எறும்புச் சாரியாகக் கோடு பிடித்து ஏறின. மருமகள் பிறந்தவீடு போயிருந்த வாரத்துப் புள்ளி மட்டும் அடியில் கிடந்தது.

அந்தப் படத்தை யாரும் அழிக்கவில்லை. மற்ற இடங்களில் தப்பு நடந்தால் சுண்ணாம்பு அடித்து மூடுவார்கள். இங்கே கோடு போட்டு, அளவு குறித்து, தேதி எழுதிச் சுவரில் மாட்டினார்கள். ஈயம்மா முதலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு மாதம் போனதும், வருகிறவர் போகிறவரை எல்லாம் தானே கூட்டிப்போய்க் காட்டலானாள். "இந்த அஞ்சு லிட்டரு சம்பந்தி சண்டை." தன் பேச்சு படமாகத் தொங்குகிறது என்று கேள்விப்பட்ட அக்காள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கலர்லயா?"

குச்சி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். இரண்டு வகை ஈக்கும் ஒரே நாள் ஒரே அண்டாவில் கிண்டிய கூழ்; புட்டி மாற்றுவதை மட்டும் இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டாள். எடை போட்டு இரண்டு லிட்டர் வற்றினதும் அடுப்பு அணையும். சுவர்த்தாளின் கடைசி வரியை ஈயம்மாவே அடித்து, 'இரண்டு லிட்டர் வற்றும்வரை' என்று எழுதினாள். பொத் கேட்கிறதா என்றும் பார்த்துக்கொண்டாள். இரண்டும் பொருந்தின. எண்ணுக்குத் தன் காது சாட்சி என்று சொல்லிக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்துக் குச்சி கீழே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணு நாள், ஈயம்மா. பதினொண்ணுல எட்டு உங்க அக்காவோடது. மூணுதான் என்னோடது."

"அழறியா?"

"இல்ல. அது நிஜமான மூணு. முன்ன இருந்த பதினொண்ணை யாராவது தொட்டா விழுந்துடுமோன்னு பயமா இருந்துச்சு. இதை யாரு வேணா வந்து தள்ளிப் பாக்கட்டும்."

முந்தைய கட்டுரை தவறு என்று அவர்களே எழுதி வெளியிட்டார்கள். வியாழக்கிழமையும் தொலைபேசியும் அதில் அச்சாயின. குச்சிக்குப் பட்டம் அந்த மூன்று நாளுக்குத்தான் கிடைத்தது. தேர்வு அறையில் ஒருவர் பதத்தைப் பற்றிக் கேட்டாராம். அவள் கிராமில் பதில் சொன்னாளாம். ஈயம்மா அன்று பார்த்தவரிடமெல்லாம், "எங்க பொண்ணு மூணு நாளைச் சும்மா விட்டுக்குடுக்கல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அத்தானிடம் போன் போட்டே சொன்னாள். அன்று திங்கட்கிழமையும் இல்லை, வியாழக்கிழமையும் இல்லை.

பிறகு கடல் கடந்து மறுபடியும் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு குச்சி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

"நம்ம தாளை வச்சு அங்க செஞ்சு பாத்தாங்களாம். வந்துடுச்சு! மூணரை நாள்!"

ஈயம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

"மூணு நம்மளது, சரி. இந்த அரை எங்கேருந்து வந்துச்சு? அங்க யாரு சமைக்கறாங்கன்னு கேட்டு எழுது."